இருமும் கன்றுகளும் எக்ஸ்-கதிர்களும்

தடுப்பு மருந்து என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை பெரியம்மை, போலியோ, வெறிநாய்க்கடி ஆகிய நோய்கள். இவை யாவும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களால் வருபவை. பாக்டீரியாவையோ வைரஸையோ வலுவிழக்கச் செய்து உடலுக்குள் செலுத்தினால், உடல் அதனை அடையாளம் கண்டு எதிர்ப்பாற்றலைப் பெறுகிறது. இது பாஸ்டர் காலத்திலிருந்து நாம் அறிந்த உண்மை. ஆனால், விரல் நீளத்திற்கு வளர்ந்து நெளியும் ஒரு புழுவுக்கு எதிராகத் தடுப்பு மருந்து செய்ய முடியுமா? முடியும் என்று 1950-களில் ஸ்காட்லாந்தில் சிலர் காட்டினர். அவர்கள் காக்க முனைந்தது மனிதரை அல்ல. மூச்சுத் திணறி இறந்துகொண்டிருந்த கறவை மாட்டுக் கன்றுகளை.

அம்மருந்து 1959-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. ஒட்டுண்ணிப் புழு ஒன்றிற்கு எதிராக வணிக முறையில் வெளிவந்த முதல் தடுப்பு மருந்து அதுவே. அதன் வரலாறு நம் பாடநூல்களில் அதிகம் இடம்பெறாதது வியப்பே.

வறட்டு இருமல்

பிரிட்டனில் பால் பண்ணைக் கன்றுகள் பெரும்பாலும் குளிர்காலத்தைக் கொட்டிலில் கழிக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் புல் தழைத்ததும் முதன்முறையாகத் திறந்தவெளி மேய்ச்சலுக்கு விடப்படுகின்றன. கன்றுகள் துள்ளி ஓடும். ஓரிரு மாதங்களில் நன்கு கொழுக்கும். பிறகு, ஜூலை முதல் அக்டோபர் வரையிலான காலத்தில், ஒருநாள் ஒரு கன்று இருமத் தொடங்கும். சில நாட்களில் மந்தையே இருமும். வறண்ட, கரகரத்த இருமல். அதன் ஓசையைக் கொண்டே ஆங்கிலேய உழவர்கள் இந்நோயை 'ஹஸ்க்' என்றும், வேறு சில இடங்களில் 'ஹூஸ்' என்றும் அழைத்தனர்.

நோய் முற்றிய கன்று மேய்வதை விட்டுவிடும். கழுத்தை முன்னே நீட்டி, வாயைத் திறந்து, நாக்கை வெளியே தொங்கவிட்டு, காற்றுக்காக ஏங்கி நிற்கும். இறந்த கன்றை அறுத்துப் பார்த்தால், மூச்சுக் குழாயிலும் அதன் கிளைகளிலும் நுரைத்த சளியின் நடுவே வெண்ணிறப் புழுக்கள் நூற்கண்டு போலச் சுருண்டு கிடக்கும். சிலவற்றின் நீளம் எட்டு சென்டிமீட்டர் வரை இருக்கும்.

இப்புழு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. பெர்லினில் மருத்துவராக இருந்தவரும், மீன்களைப் பற்றிய ஆராய்ச்சியால் புகழ் பெற்றவருமான மார்க்கஸ் பிளாக் 1782-இலேயே இதனை விவரித்துப் பெயரிட்டுள்ளார். இன்று இதன் பெயர் டிக்டியோகாலஸ் விவிபாரஸ். 'விவிபாரஸ்' என்றால் குட்டி ஈனுவது என்று பொருள். பெண் புழு இடும் முட்டைகள் ஏறத்தாழ உடனேயே பொரித்துவிடுவதால் இப்பெயர் வந்தது.

பகைவனைக் கண்ணால் கண்டு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் கன்றைக் காக்க வழி தெரியவில்லை. கால்நடை மருத்துவர்கள் கன்றின் மூச்சுக் குழாயில் ஊசியைக் குத்தி டர்பன்டைன் கலந்த மருந்துகளைச் செலுத்திப் பார்த்தனர். கொட்டிலை மூடிக் கந்தகப் புகை போட்டனர். புழுவுக்கு என்ன ஆயிற்றோ, ஏற்கெனவே நைந்துபோன நுரையீரலுக்கு இவை இதம் தந்திருக்க முடியாது.

புல்லிலிருந்து நுரையீரலுக்கு

பின்னர் வந்த தடுப்பு மருந்தைப் புரிந்துகொள்ள இப்புழுவின் வாழ்க்கைப் பயணத்தை நாம் சற்று விரிவாகவே அறிய வேண்டும்.

மூச்சுக் குழாயில் பொரித்த இளம்புழுக்கள் இருமலோடு தொண்டைக்கு வருகின்றன. கன்று அவற்றை விழுங்கிவிடுகிறது. குடல் வழியே சாணத்தோடு அவை வெளியேறுகின்றன. சாணத்தில் இரு முறை வளர்ச்சி நிலை மாறி, மூன்றாம் நிலை இளம்புழுவாகின்றன. தொற்றும் ஆற்றல் பெற்றது இந்த நிலைதான். வெப்பமும் ஈரமும் பொருந்தி வந்தால் ஒரு வாரத்திற்குள்ளேயே இது நிகழ்ந்துவிடும். இதில் ஒரு விந்தை உண்டு: சாணத்தில் வாழும் இந்த இளம்புழு எதையும் உண்பதில்லை. பிறக்கும்போதே தன் குடல் செல்களில் சேமித்து வைத்துள்ள உணவுத் துகள்களைக் கொண்டே காலம் தள்ளுகிறது. கட்டுச்சோறு தீர்ந்தால் உயிரும் தீர்ந்தது. இந்தச் சிறு செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; பின்னர் இது தேவைப்படும்.

மாடுகள் தம் சாணத்தை ஒட்டிய புல்லை மேய விரும்புவதில்லை. இளம்புழுவோ சோம்பேறி, வெகு தொலைவு ஊர்ந்து செல்லாது. அப்படியானால் அது கன்றின் வாய்க்குள் எப்படிச் செல்கிறது? மழை நீர் ஓரளவு உதவுகிறது. ஆனால், 1962-இல் ராபின்சன் என்ற ஆய்வாளர் வெளியிட்ட விடை பலரையும் வியக்கச் செய்தது. சாணத்தில் பைலோபோலஸ் என்ற பூஞ்சை வளர்கிறது. அதன் காம்பின் உச்சியில் நீர் நிரம்பிப் புடைத்த ஒரு பையும், அதன்மேல் கரிய தொப்பி போன்ற வித்துப் பையும் இருக்கும. அழுத்தம் மிகும்போது காம்பு வெடித்து, தொப்பியைப் பீரங்கிக் குண்டு போல எறிகிறது. அது இரண்டு மீட்டர் தொலைவு வரை சென்று புல்லில் ஒட்டிக்கொள்ளும். இளம்புழுக்கள் இக்காம்பின் மீது ஏறித் தொப்பியில் அமர்ந்துவிடுகின்றன. பூஞ்சை எறியும்போது அவையும் இலவசமாகப் பறந்து சென்று நல்ல புல்லில் இறங்குகின்றன!

புல்லோடு கன்றின் வயிற்றுக்குள் சென்ற இளம்புழு, குடற்சுவரைத் துளைத்து, அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களை அடைகிறது. அங்கு நான்காம் நிலைக்கு மாறுகிறது. பின் நிணநீரோடும் இரத்தத்தோடும் இதயத்திற்கு வந்து, அங்கிருந்து நுரையீரலுக்குள் தள்ளப்படுகிறது. உட்கொண்ட ஒரு வாரத்தில் இரத்த நுண்குழாயைக் கிழித்துக்கொண்டு காற்று நுண்ணறைக்குள் வந்துவிடும். மூன்று நான்கு வாரங்களில் முழு வளர்ச்சி பெற்று, தானே முட்டையிடத் தொடங்கும்.

இத்தகைய சுற்று ஒரு கோடையில் இரண்டு மூன்று முறை நடந்தால் போதும். வசந்த காலத்தில் குளிரைத் தாங்கிப் புல்வெளியில் எஞ்சியிருந்த சில இளம்புழுக்கள், ஆகஸ்டுக்குள் எண்ணிலடங்காதனவாகப் பெருகிவிடும்.

கிளாஸ்கோ குழு

1950-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் பள்ளியில் இளைஞர் குழு ஒன்று இந்நோயைக் கையில் எடுத்தது. இயன் மெக்கின்டயர் நோயுற்ற மாடுகளை நேரில் பார்க்கும் மருத்துவர். வில்லியம் ஜாரட் இறந்த விலங்குகளை அறுத்து நோய்க்கூறு காண்பவர். ஜார்ஜ் அர்க்கார்ட் ஒட்டுண்ணி இயல் வல்லுநர். பிராங்க் ஜென்னிங்ஸ், வில்லியம் மல்லிகன் இருவரும் உயிர்வேதியியல், கதிரியக்க ஐசோடோப்புகள் ஆகியவற்றை விலங்கு ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள். ஒரு துறையைச் சேர்ந்தவர்கள் மட்டும் கூடியிருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

அவர்கள் முதலில் செய்தது, நோயைப் பொறுமையாகக் கவனித்ததுதான். ஓராண்டுக் காலப் பணியின் தொகுப்பை 1954-இல் வெளியிட்டனர். இதில் அவர்கள் மனத்தைக் கவர்ந்த உண்மை உழவர்களுக்கும் ஓரளவு தெரிந்ததே: ஒருமுறை இந்நோய் கண்டு பிழைத்த கன்று, அடுத்த ஆண்டு அதே புல்வெளியில் மேய்ந்தாலும் நோயில் விழுவதில்லை. நோய் முதல் மேய்ச்சல் பருவக் கன்றுகளையே தாக்குகிறது. தாய்ப் பசுக்கள் நலமாக உள்ளன. இயற்கையே இங்கு ஒரு வலுவான தடுப்பாற்றலைத் தருகிறது. குடற்புழுக்கள் பலவற்றின் கதை இப்படி இல்லை. அவை திரும்பத் திரும்பத் தொற்றும். நுரையீரல் புழுவைத் தேர்ந்தெடுத்ததில்தான் பாதி வெற்றி அடங்கியிருந்தது.

அந்தத் தடுப்பாற்றல் எங்கே இருக்கிறது? நோயிலிருந்து மீண்ட மாடுகளின் இரத்தச் சீரத்தை எடுத்து, புழுவையே அறியாத கன்றுகளுக்குச் செலுத்தினர். பின் அக்கன்றுகளுக்கு இளம்புழுக்களைக் கொடுத்தனர். சீரம் பெற்ற கன்றுகள் பெருமளவு காக்கப்பட்டன. இச்சோதனை 1955-இல் வெளிவந்தது. ஆகவே, இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள்கள் உருவாகின்றன என்பது உறுதியாயிற்று. இனி அவற்றைக் கன்றே உண்டாக்கிக்கொள்ளுமாறு தூண்ட வேண்டும்.

எளிய வழி, இறந்த புழுக்களை அரைத்து ஊசி மூலம் செலுத்துவது. அதையும் செய்து பார்த்தனர். போதிய பயன் கிடைக்கவில்லை. செத்த புழு காட்டும் முகம் வேறு, உயிருள்ள புழு குடலைத் துளைத்து, தோலுரித்து, வளர்ந்து செல்லும்போது வெளிவிடும் பொருள்கள் வேறு போலும். ஆக, உயிருள்ள புழுவே வேண்டும். ஆனால் அது கன்றைக் கொல்லக் கூடாது. நிணநீர்க் கணுவரை போக வேண்டும்; நுரையீரலில் குடியேறிப் பெருகக் கூடாது. பாஸ்டர் 1881-இல் ஆந்திராக்ஸ் கிருமியை வெப்பத்தால் வலுவிழக்கச் செய்தார். ஒரு புழுவை எதைக் கொண்டு வலுவிழக்கச் செய்வது?

நாற்பதாயிரம் ராண்ட்ஜன்

அக்காலம் அணு யுகத்தின் தொடக்கம். ஒருபுறம் ஹிரோஷிமாவின் நினைவு. மறுபுறம், அணுவை ஆக்கப் பணிக்குப் பயன்படுத்துவோம் என்ற பேச்சு. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் ஐ.நா. சபையில் அதைப் பற்றிப் பேசியது 1953-இல். சர்வதேச அணுசக்தி நிறுவனம் 1957-இல் தோன்றியது. எக்ஸ்-கதிரால் புழுக்களை முடமாக்கலாம் என்பதற்கு முன்னோடிச் சான்றும் இருந்தது. பன்றி இறைச்சி வழியே மனிதருக்கு வரும் டிரிக்கினெல்லா புழுவின் இளம்புழுக்களை எக்ஸ்-கதிருக்கு உட்படுத்தி எலிகளுக்குக் கொடுத்து, அவற்றில் எதிர்ப்பாற்றல் தோன்றுவதை லெவின், எவன்ஸ் என்ற இருவர் 1942-இல் காட்டியிருந்தனர்.

கிளாஸ்கோ குழுவினர் மூன்றாம் நிலை இளம்புழுக்களைப் பல்வேறு அளவு எக்ஸ்-கதிருக்கு உட்படுத்தினர். கதிர் குறைந்தால் சில புழுக்கள் நுரையீரலை அடைந்து முழு வளர்ச்சி பெற்றுவிடும். அது தடுப்பு மருந்தல்ல, நோய். கதிர் மிகுந்தால் புழு தொடக்கத்திலேயே மடிந்து போகும். உடல் அதனிடமிருந்து கற்க ஒன்றுமில்லை. இரண்டிற்கும் இடையே அவர்கள் கண்ட நடுவழி 40,000 ராண்ட்ஜன். மனித உடல் முழுவதும் 400 முதல் 500 ராண்ட்ஜன் பட்டாலே, சிகிச்சை இல்லையெனில், பாதிப் பேர் இறந்துவிடுவர். அதைப்போல ஏறத்தாழ நூறு மடங்கைத் தாங்கிய இளம்புழு, உருப்பெருக்கியின் கீழ் எப்போதும்போல நெளிந்துகொண்டிருந்தது! கன்றின் குடலைத் துளைக்கவும் நிணநீர்க் கணுவுக்குச் செல்லவும் அதற்கு ஆற்றல் இருந்தது. ஆனால், வளர்ந்து முதிரும் ஆற்றல் போய்விட்டது. நுரையீரலைச் சென்றடையும் சிலவும் முட்டையிடும் பருவத்தை எட்டாமலே அழிந்தன.

ஒரே தவணை போதவில்லை. இரு தவணை கொடுத்தபோது கிடைத்த பாதுகாப்பு மிக உயர்ந்தது. அம்முறையே நிலைத்துவிட்டது: தவணைக்கு 1,000 இளம்புழுக்கள், இரு தவணைக்கும் இடையே நான்கு வாரங்கள். கன்றுக்கு எட்டு வார வயதாவது நிரம்பியிருக்க வேண்டும். இரண்டாம் தவணைக்குப் பின் இரு வாரங்கள் கழித்தே மேய்ச்சலுக்கு விடவேண்டும். ஊசி கிடையாது, வாய் வழியே புகட்டுவதுதான். நம் ஊரில் மூங்கில் குழாயால் மாட்டுக்கு மருந்து புகட்டுபவர்கள் இதைப் பார்த்தால் புன்னகை செய்வார்கள். புழு வழக்கமாகச் செல்லும் பாதையிலேயே மருந்தும் செல்கிறது என்பதே இதன் சிறப்பு.

1958-இல் பண்ணைகளில் நடத்திய சோதனையின் முடிவு வெளியாயிற்று. மறு ஆண்டே ஆலன் அண்டு ஹன்பரிஸ் என்ற மருந்து நிறுவனம் 'டிக்டால்' என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

விற்பது எளிதாக இருந்திருக்காது. உயிருள்ள ஆயிரம் புழுக்களை, அதுவும் எக்ஸ்-கதிர் பட்டவற்றை, உங்கள் நலமான கன்றுக்குக் கொடுங்கள் என்று ஓர் உழவரிடம் சொல்வதை எண்ணிப் பாருங்கள். கன்றுக்கு இன்று நோய் இல்லை. செலவோ இன்றே செய்ய வேண்டும். நோய் வந்த பின் மருந்து தேடுவதுதான் எங்கும் உழவரின் வழக்கம். ஆனால், ஒரு கோடையில் கன்றுகளைப் பறிகொடுத்தவர்கள் வாங்கினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் வாங்கினார்கள்.

ஒரு செய்தியை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். இம்மருந்து புழுவை முற்றிலும் விலக்குவதில்லை. மருந்து பெற்ற கன்றிலும் சில புழுக்கள் நுரையீரலில் வளரக்கூடும்; ஓரளவு இருமலும் வரலாம். புல்வெளியிலுள்ள இளம்புழுக்களைக் கன்று சிறிது சிறிதாக உட்கொள்வதால்தான் அதன் எதிர்ப்பாற்றல் கூர்மை மங்காமல் இருக்கிறது. கன்றும் புழுவும் ஒருவகைச் சமாதானத்தில் வாழ்கின்றன. மேலும், இது நலமான கன்றுகளுக்கு மட்டுமே உரியது. ஏற்கெனவே வேறு மூச்சு நோய் உள்ள கன்றுக்குக் கொடுப்பதில்லை.

வெற்றி திரும்ப வரவில்லை

புழுக்கள் அனைத்திற்கும் இனி இதே வழிதான் என்று பலரும் நம்பினர். அந்நம்பிக்கை நிறைவேறவில்லை. செம்மறி ஆட்டின் இரைப்பையில் இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழுவுக்கு அதே குழு அதே முறையை முயன்றது. வளர்ந்த ஆடுகளுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. மிகவும் தேவைப்படும் இளங்குட்டிகளுக்குக் கிடைக்கவில்லை. 1966-இல் அவர்களே அதை வெளிப்படையாக எழுதினர். நாய்களின் கொக்கிப் புழுவுக்கு எதிராக, கிளாஸ்கோவில் ஆராய்ந்த மில்லர் உருவாக்கிய மருந்து 1973-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, 1975-இல் நின்றுபோனது. அறிவியல் முறையில் அது வென்றது, கடையில் தோற்றது.

நம் நாட்டிற்கும் இக்கதையில் ஓர் இடம் உண்டு. வெப்பமும் வறட்சியும் மிகுந்த சமவெளியில் நுரையீரல் புழுவின் இளம்புழு விரைவில் காய்ந்து மடிந்துவிடும். ஆனால், காஷ்மீரத்தின் குளிர்ந்த மேய்ச்சல் நிலங்களில் செம்மறிகளை அதன் இனப் புழுவான டிக்டியோகாலஸ் பைலேரியா வாட்டிவந்தது. கதிர்வீச்சால் வலுவிழந்த இளம்புழுக்களைக் கொண்டு அங்கு ஆட்டுக்குட்டிகளுக்குத் தடுப்பு மருந்து தயாரிக்கப்பட்டு, 1970-களில் பயன்படுத்தப்பட்டது.

கிளாஸ்கோவில் எழுந்த எண்ணம் வேறு திசையிலும் தொடர்ந்தது. 1967-இல் ரூத் நஸன்ஸ்வைக் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் மலேரியா ஒட்டுண்ணியின் ஸ்போரோசாயிட்டுகளை எக்ஸ்-கதிரால் முடமாக்கி, சுண்டெலிகளுக்குப் பாதுகாப்பு அளித்தனர். மலேரியாத் தடுப்பு ஆராய்ச்சியில் அந்தப் பாதை இன்றும் மூடப்படவில்லை.

மருந்துக்கு எதிராக ஒரு மருந்து

டிக்டாலுக்கு உண்மையான போட்டி வேறிடத்திலிருந்து வந்தது. 1960-களின் பிற்பகுதியில் லெவமிசோல் வந்தது. 1981-இல் ஐவர்மெக்டின் வந்தது. ஜப்பானிய மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து பிறந்த இம்மருந்துக்காக ஓமுராவும் கேம்பெல்லும் 2015-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இது நுரையீரல் புழுவையும் குடற்புழுவையும் ஒருசேர ஒழித்தது. வயிற்றில் தங்கி மேய்ச்சல் பருவம் முழுவதும் மருந்தைச் சிறிது சிறிதாக வெளிவிடும் குண்டுகளும் 1980-களில் வந்தன. ஒருமுறை புகட்டினால் கோடை முழுவதும் கவலை இல்லை. ஆயிரம் உயிர்ப் புழுக்களை நான்கு வார இடைவெளியில் இருமுறை கொடுக்கும் தொல்லை எதற்கு? தடுப்பு மருந்தின் விற்பனை சரிந்தது.

விளைவு சில ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. மருந்துக் குண்டுகளின் காவலில் வளர்ந்த கன்றுகளில் பல, புழுவைச் சந்திக்காமலே பசுக்களாயின. அவற்றின் உடல் எதையும் கற்கவில்லை. 1990-களில் பிரிட்டனில் இந்நோய் மீண்டும் பெருகியது. இம்முறை கன்றுகளோடு கறவைப் பசுக்களும் இருமின. பால் திடீரெனக் குறைந்தது, சில இறந்தன. கன்றின் நோய் என்று கருதப்பட்டது பசுவின் நோயாகவும் ஆயிற்று. மருந்தின் மீது குற்றம் சொல்வதற்கில்லை. அது தன் வேலையை மிக நன்றாகச் செய்தது. அளவுக்கு மீறி நன்றாகச் செய்தது என்பதே சிக்கல்.

எனவே பழைய தடுப்பு மருந்தை மீண்டும் பலர் நாடினர். பெயரும் நிறுவனமும் மாறி, 'ஹஸ்க்வாக்' என்று அது வழங்கலாயிற்று. 25 மில்லிலிட்டர் நீர்மத்தில் 1,000 இளம்புழுக்கள்; அளவும் முறையும் ஏறத்தாழ 1959-இல் இருந்தபடியேதான்.

இன்றளவும் இப்புழுவைச் சோதனைக் குழாயில் முழுமையாக வளர்க்க முடிவதில்லை. மருந்துக்கான இளம்புழுக்களைப் பெற, சில கன்றுகளுக்கு வேண்டுமென்றே புழுவைத் தொற்றச் செய்து, அவற்றின் சாணத்தைச் சேகரித்து, அதிலிருந்து இளம்புழுக்களைப் பிரித்தெடுத்து, பின்னரே கதிர்வீச்சுக்கு உட்படுத்துகின்றனர். அணுக்கதிர்க் கருவி ஒருபுறம், சாணக் கூடை மறுபுறம்! இவ்வாறு தயாரான மருந்தைப் பிற மருந்துகளைப்போல ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைத்திருக்க இயலாது. காரணம் முன்பே கண்டதுதான்: இளம்புழு உண்பதில்லை, அதன் கட்டுச்சோறு விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே, உழவர்கள் பனி உருகும் முன்பே தங்கள் கன்றுகளை எண்ணிப் பார்த்து, வசந்த காலத்திற்கு இத்தனை புட்டிகள் வேண்டும் என்று கால்நடை மருத்துவரிடம் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.